ஆழ்கடலுக்குப் போகும் மாத்திரைப் பெட்டி

ஆசிரியருக்கு,

மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-இல் முடிந்ததும் குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குக் கிளம்புகிறவர்கள் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகிவிடுகிறது. டீசல், ஐஸ், அரிசி எல்லாம் கணக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள். பிபி மாத்திரை மட்டும் வீட்டில் மிச்சமிருந்த ஒரு அட்டையோடு படகேறுகிறது. அந்த அட்டை இதயத் துடிப்பைத் தணிக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்தாக இருந்தால், பாதிக் கடலில் தீர்ந்துபோவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த வகை மருந்தைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டையில் கம்பெனி வைத்த பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அட்டினலால், மெட்டோப்ரலால், பிசோப்ரலால், ப்ராப்ரனலால், கார்விடிலால் என்று பெரும்பாலும் 'லால்' என முடியும். திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்து, ஊரில் வாங்கிய பழைய பிபி மாத்திரையையும் விடாமல் விழுங்குகிறவர்கள் இரண்டு அட்டைகளையும் கட்டாயம் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் 'லால்' இருந்தால் மருந்து இரட்டிப்பாகப் போகிறது. நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றி விழ அதுவே போதும்.

அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை வேகப்படுத்துவது, அதை ஏற்றுக்கொள்ள அங்குள்ள 'பீட்டா ஏற்பி' என்ற இடங்களில் ஒட்டித்தான். மருந்து அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்ளும். துடிப்பின் வேகமும் விசையும் குறையும். இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறையும். சிறுநீரகத்தில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பு குறைவதால் ரத்த அழுத்தமும் இறங்கும். ப்ராப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். மாரடைப்புக்குப் பின்னும், இதயச் செயலிழப்பு, சீரற்ற துடிப்பு, நெஞ்சுவலி ஆகியவற்றுக்கும் இந்த மருந்துகள் தரப்படுகின்றன. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், கைநடுக்கத்துக்கும், தைராய்டு படபடப்புக்கும்கூட உண்டு. வேறு தொந்தரவு இல்லாத வெறும் பிபிக்கு இப்போதெல்லாம் பொதுவாக இதை முதலில் எழுதுவதில்லை.

திடீரென நிறுத்தினால் ஏன் ஆபத்து? ஏற்பிகள் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தால் உடல் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். மருந்து நின்றதும் வழக்கமாகச் சுரக்கும் அட்ரினலினே அத்தனை ஏற்பிகளிலும் வேலை செய்யத் தொடங்கும். படபடப்பு, பிபி ஏற்றம், நெஞ்சுவலி வரும். ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். அதுவும் தூண்டில் கயிறு இழுக்கும் உழைப்பில், கரைக்குப் பல நாள் தொலைவில்! நிறுத்தத்தான் வேண்டும் என்றால் மருத்துவர் ஒன்றிரண்டு வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ஒரு வேளை மறந்துபோனால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

சோர்வு, கெட்ட கனவு, ஆண்மைக் குறைவு சிலருக்கு வரும். வெட்கப்பட்டு மறைத்து, தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் அதிகம். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது. கைகால் விரல் சில்லிடுவதும் வழக்கம். ஐஸ் அறையில் மீன் அடுக்குகிறவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும், கையுறை அவசியம். வீசிங் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மூச்சுக்குழாய் சுருங்குவதோடு, இன்ஹேலர் மருந்தின் வேலையும் மட்டுப்படலாம். கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டும் இதே வகைதான், ரத்தத்தில் கலக்கக்கூடியது. விட்டதும் கண்ணின் மூக்கோர முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சுகருக்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்பவருக்கு இன்னொரு சிக்கல். சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

மெட்டோப்ரலாலில் நாள் முழுவதும் மெதுவாகக் கரையும் வகையை மென்றோ பொடித்தோ சாப்பிடக் கூடாது. கார்விடிலாலைச் சாப்பாட்டோடு எடுத்தால் எழும்போது வரும் தலைசுற்றல் குறையும். படகில் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வைக்க வேண்டாம். உப்புக்காற்றின் ஈரம் ஏறாதபடி அட்டையோடு திருகு மூடி டப்பாவில் போட்டு வையுங்கள்.

மாதக் கணக்கில் மாத்திரை தரும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடலுக்குப் போகிறவரிடம் எத்தனை நாள் பயணம் என்று கேட்டு, அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

- ஒரு மருந்தாளுநர், மார்த்தாண்டம்