கட்டுரையைப் படித்துவிட்டு வயலில் இறங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோகம் தொடங்கினால் போதும், கைத்தொலைபேசியில் நெற்செய்கைக் கட்டுரைகள் வந்து குவிந்துவிடும். அவற்றில் எது வன்னிக் கமக்காரருக்கு உதவும், எது நேரத்தைத் தின்னும் என்று பிரித்தறிவது பெரிய வித்தையில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் நாலு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: எவ்வளவு, எப்போது, எந்த இனத்துக்கு, எந்தத் தண்ணீருக்கு. கட்டுரையை வாசித்து முடித்தபின் இதில் இரண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தால் அதை மூடிவிடலாம். நெல்லின் வரலாறும் உழவின் பெருமையும் முதல் பாதியை நிரப்பியிருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

எண்கள் இருந்தாலும் எங்கள் வயலுக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. தமிழில் கிடைக்கும் கட்டுரைகளில் கணிசமானவை தமிழ்நாட்டுக் கமக்காரருக்காக எழுதப்பட்டவை. அது குற்றமில்லை, அங்கே அவை சரியானவையே. ஆனால் அடிக்கட்டுப் பசளையாக 50 கிலோ டி.ஏ.பி. (டை அமோனியம் பொஸ்பேற்று) என்று அதில் இருப்பதை வாசித்துவிட்டு, இங்கே வழமையான ரி.எஸ்.பி.யை (ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேற்றை) அதே அளவு போட்டால் என்ன நடக்கும்? இரண்டிலும் மணிச்சத்து 46 சதவீதம்தான். டி.ஏ.பி.யில் கூடவே 18 சதவீதம் தழைச்சத்து உண்டு, ரி.எஸ்.பி.யில் துளியும் இல்லை. 50 கிலோவுக்கு 9 கிலோ தழைச்சத்து குறைந்துபோகும். அதை ஈடுசெய்ய ஏறக்குறைய 20 கிலோ யூரியா வேண்டும். பயிர் மஞ்சளித்து நிற்கும்போது பழி விதைநெல்லின் தலையில் விழும்.

நாள் கணக்கும் அப்படித்தான். எங்களுடைய பிஜி 352, ஏ.ரி 362 போன்ற இனங்களின் எண்ணிலேயே வயது இருக்கிறது: 35, 36 என்று தொடங்குபவை மூன்றரை மாதத்தவை, பிஜி 300 மூன்று மாதத்தது. கதிர் கருக்கட்டியதிலிருந்து அறுவடை வரை எந்த இனமும் ஏறத்தாழ 60, 65 நாள்தான் எடுக்கும். குறுகிய வயது இனம் தன் நாட்களைக் குறைத்துக்கொள்வது அதற்கு முந்திய வளர்ச்சிப் பருவத்தில். ஆகவே 135 நாள் இனத்துக்கு 70ஆம் நாள் கடைசி மேற்கட்டு யூரியா என்று எழுதியிருப்பதை அப்படியே மூன்றரை மாத நெல்லுக்குப் பின்பற்றினால், பசளை விழும் நாளில் கதிர் வெளியே தலைகாட்டத் தொடங்கியிருக்கும். போட்ட யூரியா நெல்மணியாக மாறாது. இலையைக் கரும்பச்சையாக்கி நோயையும் பூச்சியையும்தான் அழைக்கும். இனத்தின் வயதைச் சொல்லாமல் நாள் மட்டும் சொல்லும் கட்டுரையை நம்ப வேண்டாம்.

தண்ணீர் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வயலைக் காயவிட்டு, நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மறுபடி நீர் கட்டச் சொல்லும் முறை நல்ல முறைதான், நீரும் மிச்சமாகும். கிணறும் பம்பும் வைத்திருப்பவர் செய்யலாம். குளத்துக்குக் கீழே முறைத் தண்ணீருக்குக் காத்திருப்பவர் வயலைக் காயவிட்டால், அடுத்த முறை வரும்வரை துரிசு, அதாவது குளத்து மதகு, திறக்காது. மானாவாரி வயலுக்கோ வானம்தான் துரிசு.

மருந்து பற்றிய கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது 'எங்கே' என்ற சொல்லை. அறக்கொட்டி, அதாவது கபிலநிறத் தத்தி, பயிரின் அடித்தூரில் நீரை ஒட்டி இருந்து சாறு உறிஞ்சும். மேலிருந்து இலைக்கு அடித்தால் மருந்து அதன் மேல் படாது, அதைத் தின்னும் சிலந்திதான் சாகும். சில கிருமிநாசினிகளை அடித்தபின் தத்தி முன்னையிலும் பெருகுவது அதனால்தான். நீரை வடித்து, பயிரை விலக்கி, அடித்தூரில் படும்படி அடிக்கச் சொல்கிறதா, அடர்த்தியாக விதைத்ததும் யூரியா கூடியதும் காரணம் என்று எச்சரிக்கிறதா என்று பாருங்கள். 'ஒரு டாங்கிக்கு 10 மில்லி' என்று மட்டும் சொன்னால் டாங்கியின் கொள்ளளவைத் தேடுங்கள்: 10 லீற்றர் டாங்கியில் அது லீற்றருக்கு 1 மில்லி, 16 லீற்றரில் 0.6 மில்லிதான்.

இயற்கை முறைக் கட்டுரைகளுக்கும் சலுகை கிடையாது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து அடியுங்கள் என்பதோடு நிறுத்தினால் அரைக் கட்டுரைதான். சவர்க்காரத்தை முதலில் எண்ணெயோடு நன்றாகக் குழைத்து, பால்போல வெளுத்தபின் நீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். மருந்தடிக்கும் மெசின் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் வரிசைகளுக்கு வெறும் தண்ணீர், கடைசி வரிசைகளுக்கு எண்ணெய். இலை கருகுவது அங்கேதான்.

திகதி இல்லாத கட்டுரையையும் ஒதுக்கலாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது அவசரத்துக்கு எழுதிய மாற்றுவழிகள் இன்னும் சுற்றுகின்றன. பரகுவாட் என்ற களைகொல்லி இங்கே தடைசெய்யப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்தும் அதை அடிக்கச் சொல்லும் பக்கங்கள் அழியவில்லை. சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு ஒரு அழைப்பு, அல்லது கமநல சேவை நிலையத்துக்கு ஒரு நடை.

தங்கள் இணையப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். விவசாயக் கட்டுரை ஒவ்வொன்றின் தலையிலும் எழுதிய திகதி, போகம், நெல்லின் வயது, குளத்து நீரா மானாவாரியா என்ற நாலையும் அச்சிடுங்கள். அளவு தவறாக வந்துவிட்டால் சத்தமில்லாமல் மாற்றாமல், என்ன இருந்தது, என்னவாகத் திருத்தினோம் என்று அதே கட்டுரையின் முதல் வரியிலேயே போடுங்கள். பழைய அளவை எழுதிக்கொண்டு போனவர் மருந்தடிக்க முன் இன்னொருமுறை அதே பக்கத்தைத்தான் திறப்பார்.

ஓய்வுநிலை விவசாயப் போதனாசிரியர்,
கிளிநொச்சி.