அந்தப் பிள்ளை யாருடைய மாணவன்?

ஆசிரியர் அவர்கட்கு,

விசேட தேவையுடைய பிள்ளைகளைச் சாதாரண வகுப்பில் சேர்ப்பது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் சாய்தளமும் கழிப்பறையும் ஆளணிப் பற்றாக்குறையுமே முன்னுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால், அந்தப் பிள்ளை யாருடைய மாணவன் என்ற கேள்விக்கு எமது பாடசாலைகள் பல இன்னும் விடை சொல்லவில்லை.

சாதாரண பாடசாலைக்குள்ளேயே இப்பிள்ளைகளுக்கெனத் தனியாக விசேட கல்வி அலகு இயங்கும் இடங்களில் “அது அலகு ரீச்சரின்ர பிள்ளை” என்று வகுப்பாசிரியர்கள் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளை வகுப்புக்கு வந்தாலும் கதவோரத்துக் கடைசி வாங்கில் இருத்தப்படுகிறது. கரும்பலகை துடைக்கும் வேலை அதற்குக் கிடைக்கிறது. எழுதியதை வாசியாமலே கொப்பியில் சரி அடையாளம் விழுகிறது. செவிப்புலன் குறைந்த பிள்ளை உதட்டசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும் என்பதை நன்கறிந்த ஆசிரியரே, பலகைப் பக்கம் திரும்பி எழுதியபடி விளக்கம் சொல்லிக்கொண்டு போகிறார். இதை அறிவுக் குறைபாடு என்று சொல்ல முடியாது. தாம் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கற்பிக்கிறோம் என்ற எண்ணம் அவரிடம் ஊன்றவில்லை. புலமைப்பரிசில் பெறுபேற்றைக் கொண்டு பாடசாலையை எடைபோடும் பெற்றோருக்கும் (எம்மில் யார்தான் அப்படிச் செய்யவில்லை?) இதில் பங்குண்டு.

இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, கல்வியின் எல்லா மட்டங்களிலும் பணியாற்றுவோருக்கு இது தொடர்பான பயிற்சி வழங்கப்பட வேண்டும் என்கிறது. விசேட கல்வி கற்றவர்களோடு அது நின்றுவிடவில்லை. விரிவுரை மண்டபத்தில் குறைபாடுகளின் வகைகளையும் அவற்றின் இயல்புகளையும் மனனம் செய்து விடைத்தாளில் எழுதுவதால் மட்டும் அப்பயிற்சி நிறைவேறிவிடாது.

கோப்பாயிலுள்ள கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள், எப்பாடத்தைப் பயில்பவராயினும், பாடசாலைகளில் கற்பித்துப் பழகும் தமது கட்டுறுப் பயில்வுக் காலத்தில் சில வாரங்களையாவது விசேட கல்வி அலகொன்றிலோ செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கென அயலில் இயங்கும் கைதடி நுபீல்ட் பாடசாலையிலோ செலவிட ஏற்பாடு வேண்டும். அலகு ஆசிரியரோடு ஒன்றாக இருந்து பாடத் திட்டம் எழுதுவதையும், பிள்ளையின் தாயோடு கதைத்து வீட்டில் அது எதைத் தானாகச் செய்கிறது என்று அறிவதையும் அவர்கள் அங்கேதான் பழகலாம். தாய்மாருக்குத் தெரிந்த பலவற்றை எந்தப் படிவத்திலும் காணமுடியாது. கற்பித்தற் பயிற்சியை மதிப்பிட வருவோரும், வகுப்பின் முன்வரிசைக் கொப்பிகளோடு நின்றுவிடாமல், கதவோரத்தில் இருக்கும் பிள்ளையின் கொப்பியையும் எடுத்துப் பார்த்து, அதையும் கணக்கிலெடுத்தே ஆசிரிய மாணவருக்குப் புள்ளியிட வேண்டும் என்பதை மாகாணக் கல்வித் திணைக்களமும் கல்லூரி நிர்வாகமும் கவனத்திற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்,
யாழ்ப்பாணம்.