பாமினியில் கிடக்கும் எங்கள் பெயர்கள்: தரவுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உத்தியோகத்தர்களுக்கு,

மலையகத் தோட்டக் குடும்பங்களின் பெயர்ப் பதிவுகளைப் பழைய பாமினி எழுத்துருவிலிருந்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றப் போகிறீர்களாம். சந்தோஷம். ஆனால் நீங்கள் ஒட்டியிருந்த அறிவித்தலில் "கேரக்டர் செட் மாற்றம், ஒரு நாள்" என்று மட்டும் இருந்தது. அந்தப் பதிவுகளில் ஒரு பங்கை ஹட்டனில் உட்கார்ந்து தட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை இது.

நாங்கள் தட்டியது பாமினியில். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டும் எழுத்துரு அது. திரையில் 'தமிழ்' என்று தெரியும். உள்ளே போய் உட்காருவது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. தரவுத்தளத்துக்கு அது வெறும் ஆங்கிலம். யுனிகோடைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎப்-8இலும் ஆங்கில எழுத்துகளுக்கு அதே பைட்டுகள்தான் என்பதால், மாற்றும் கட்டளை ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் ஓடி முடியும். வெற்றி என்று கணினி சொல்லும். ஒரு பெயர்கூடத் தமிழாகியிருக்காது.

சரி, பாமினி மாற்றி ஒன்றை பெயர், முகவரி, அட்டை இலக்கம் என்று எல்லாப் புலங்களிலும் ஓட்டிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் நிற்கிற ஆங்கில 'வீ' பாமினியில் 'ஏ'. ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் ஏ, ஏ, ஏ என்று பதிவேடு முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும். ஆங்கில முகவரியில் உள்ள காற்புள்ளி எல்லாம் 'இ' ஆகிவிடும். எந்தப் புலம் பாமினி, எந்தப் புலம் ஆங்கிலம், எந்த வரி பின்னாளில் யுனிகோடிலேயே தட்டியது என்று பிரித்த பிறகுதான் மாற்றியைத் தொடவேண்டும்.

துப்புரவு என்ற பெயரில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. ஒருமுறை ஆக்கிவிட்டால் எது எதுவாக இருந்தது என்று எந்த மாற்றியாலும் சொல்ல முடியாது.

அடுத்தது புலத்தின் அகலம். முத்துலட்சுமி என்ற பெயரை எடுங்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எதிலும் ஒருவர் இருப்பார். பாமினியில் அது 10 பைட். யுடிஎப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மெய்யின் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. மொத்தம் 39. பைட் கணக்கில் 30 என்று அகலம் வைத்த புலத்தில் 'முத்துலட்ச'வோடு இடம் முடிந்துவிடும். மீதியைச் சத்தமில்லாமல் வெட்டும் தளமும் உண்டு, வரியையே ஏற்க மறுக்கும் தளமும் உண்டு. மறுப்பதே மேல், கண்ணிலாவது படும்.

'கொ' போன்ற எழுத்துகளில் பாமினி கொம்பை முன்னால் வைக்கும், யுனிகோட் பின்னால் வைக்கும். அதைப் பெரும்பாலான மாற்றிகள் சரியாகவே செய்கின்றன.

ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். 1948 சட்டத்தில் குடியுரிமை போய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இரு நாட்டுக்கும் பங்கு பிரிக்கப்பட்டு, 2003 வரை காகிதத்துக்குக் காத்திருந்த சனம் நாங்கள். என் அம்மாவின் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் 'லட்சுமி' என்று முடியும், அடையாள அட்டையில் 'லெட்சுமி'. இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் நாலு தடவை ஏறி இறங்கித்தான் அவருடைய சேமலாப நிதி கைக்கு வந்தது. ஒற்றைக் கொம்புக்கு அந்த அலைச்சல். ஆகவே, மாற்றும்போது எழுத்துப்பிழை என்று நினைத்து எதையும் திருத்திவிடாதீர்கள். லெட்சுமி லெட்சுமியாகவே இருக்கட்டும்.

பழைய புலத்தை அழிக்காமல் பக்கத்தில் புதிய புலம் ஒன்று திறவுங்கள். முதலில் ஒரே ஒரு தோட்டத்தை மட்டும் மாற்றி, அச்செடுத்து, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுப் பாருங்கள். தவறாகக் கூப்பிட்டால் ஆளே சொல்லிவிடுவார்.

கூப்பிட்டால் நானும் வருகிறேன். பாமினி விசைப்பலகை வரைபடம் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய தட்டச்சுக்காரி ஒருத்தி
ஹட்டன்