காலியாகத் திரும்பிய கலம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் புரை ஆபரேஷன். படிக்காதே, எழுதாதே, குனியாதே என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். இப்போது பரவாயில்லை, எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி தெரிகிறது. வீட்டுச் சுவரில் இவ்வளவு அழுக்கு இருந்ததே இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

நீ கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன அந்த இரண்டு வரி இருக்கிறதே, படுத்தே கிடந்த நாளெல்லாம் அதுதான் மண்டையைக் குடைந்தது. சுனிதா வில்லியம்ஸையும் கூடப்போனவரையும் எட்டு நாள் என்று சொல்லி விண்வெளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மாதம் கழித்துக் கூட்டிவந்தார்களே, ஏற்றிவிடத் தெரிந்தவர்களுக்கு இறக்கிவிடத் தெரியாதா என்று கேட்டிருந்தாய். அத்தோடு விட்டாயா, அவர்கள் ஏறிப்போன ஸ்டார்லைனர் கலம்தான் பத்திரமாக வந்து இறங்கிவிட்டதே, பேசாமல் அதிலேயே ஏறி வந்திருக்கலாமே என்று வேறு. முப்பத்திரண்டு வருஷம் வால்வும் கேஸ்கெட்டும் மாற்றியே காலம் தள்ளியவனிடம் இப்படிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா?

நடந்தது இதுதான். 2024 ஜூன் 5ஆம் தேதி புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் போயிங்கின் ஸ்டார்லைனரில் கிளம்பினார்கள். மனிதர்களை ஏற்றிக்கொண்டு அது போனது அதுதான் முதல் தடவை. மறுநாள் விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது, கலத்தை அப்படி இப்படித் திருப்பி நிறுத்தும் 28 சின்ன உந்திகளில் 5 ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. மறுபடி இயக்கிப் பார்த்து 4ஐ உயிர்ப்பித்தார்கள். எரிபொருளைத் தள்ளிக்கொடுக்கிற ஹீலியம் வாயு கசிவது வேறு தனியாக. எப்படியோ போய் ஒட்டிக்கொண்டாயிற்று. அப்புறம் தரையில் அதே மாதிரி ஓர் உந்தியை எடுத்து, அங்கே எப்படியெல்லாம் எரிந்ததோ அப்படியே எரித்துப் பார்த்துப் பிரித்தால், வால்வுக்குள் கசிவைத் தடுக்கும் சின்ன அடைப்பு, டெஃப்ளான் சீல், சூட்டில் உப்பிப்போயிருந்தது. திரவம் போகிற வழியை அது அடைத்தால் உந்தி எப்படி வேலை செய்யும்?

டெஃப்ளான் சீல்! படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. சூட்டில் உப்பின சீலை எத்தனை தடவை ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பி எடுத்திருப்பேன். வெளியே எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, விரலால் தடவினால்தான் ஓரத்தில் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேடு போதும். இன்னொரு சங்கதி, அது ஆறிப்போனால் ஓரளவு பழைய அளவுக்குச் சுருங்கிவிடும், அதனால் இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது என்று உன்னை ஏமாற்றும். ஒழுங்காக ஓடாத மெஷினைவிட, ஏன் சரியானது என்று தெரியாமலே சரியாகிவிட்ட மெஷினுக்குத்தான் நான் பயப்படுவேன்.

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், அந்த உந்திகள் இருக்கும் பின்பகுதி பூமிக்குத் திரும்பி வராது. வளிமண்டலத்துக்குள் நுழையும் முன்பே கழற்றி விட்டுவிடுவார்கள், அது எரிந்து சாம்பலாகிவிடும். என்ன கோளாறு என்று அந்தச் சாமானையே பிரித்துப் பார்க்க வாய்ப்பே இல்லை. அதனால்தான் ஜூனில் திரும்ப வேண்டியதை வாரக்கணக்கில் மேலேயே நிறுத்திவைத்து உந்திகளைத் தட்டித் தட்டிச் சோதித்தார்கள்.

சரி, இறங்குவதில் அப்படி என்ன கஷ்டம்? ஏறும்போது கடைசி நொடி வரைக்கும் வேண்டாம் என்று நிறுத்தலாம், கிளம்பின பிறகும் பெரும்பாலான கலங்களில் தப்பிக்க ஒரு வழி வைத்திருப்பார்கள். இறங்கும்போது அது கிடையாது. மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறாய், எதிர்த்திசையில் சில நிமிஷம் எஞ்சினை எரித்துக் கொஞ்சூண்டு வேகத்தைக் குறைக்கிறாய், அவ்வளவுதான், அதற்குப் பிறகு கீழே வந்தே ஆக வேண்டும். மிச்ச வேகம் முழுவதையும் காற்றில் முட்டி முட்டித்தான் தொலைக்க வேண்டும், அந்த வேகமெல்லாம் சூடாக மாறும். அந்தச் சூட்டைத் தாங்கும் முகம் கீழ்ப்பக்கம்தான். கலம் சரியான பக்கம் பார்த்துக்கொண்டு நுழைய வேண்டும், சரியான சாய்வில் நுழைய வேண்டும். அதற்கு, எஞ்சினை எரிக்கிற நேரத்தில் கலத்தைச் சரியான திசையில் பிடித்து நிறுத்துவதற்குத்தான் பின்பகுதியில் அந்தச் சின்ன உந்திகள். இப்போது சொல், 28இல் எது எப்போது மக்கர் பண்ணும் என்று தெரியாத வண்டியில் நீ ஏறுவாயா?

முதல் ஆளே இறங்கும்போதுதான் மாட்டிக்கொண்டார். யூரி ககாரின், 1961 ஏப்ரல் 12, மொத்தம் 108 நிமிஷம். திரும்பும்போது பின்பகுதி முழுசாகக் கழன்றுகொள்ளாமல் கம்பிக்கற்றையில் தொங்க, கலம் தாறுமாறாகச் சுழன்றது, கடைசியில் சூட்டில் கம்பி அறுந்த பிறகுதான் நேரானது. அப்புறம் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் அவர் மட்டும் இருக்கையோடு வெளியே எறியப்பட்டுத் தனிப் பாராசூட்டில் இறங்கினார். கலத்துக்குள்ளேயே இருந்து தரை தொட்டால்தான் சாதனைக் கணக்கில் சேரும் என்று அப்போது விதி இருந்ததால், இந்த விஷயத்தைப் பல வருஷம் மூடி மறைத்தார்கள்.

ஆனால் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது சோயுஸ் 11 என்கிற சோவியத் கலம். 1971 ஜூன். டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் என்று மூன்று பேர். உலகத்தின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1இல் மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். எல்லாம் கச்சிதம். பாராசூட் விரிந்தது, கலம் நிமிர்ந்து இறங்கியது, மீட்புக்குழு ஓடிப்போய்த் தட்டினால் உள்ளேயிருந்து பதில் இல்லை. திறந்து பார்த்தால் மூன்று பேரும் இருக்கையில் அப்படியே இருக்கிறார்கள், உயிர் இல்லை. காரணம் ஒரு வால்வு. தரைக்கு நான்கைந்து கிலோமீட்டர் மேலே வந்ததும் வெளிக்காற்றை உள்ளே விடுவதற்கென்று வைத்தது, பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. உள்ளே இருந்த காற்றெல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள் வெளியே போய்விட்டது. கையால் திருகி மூடலாம்தான், ஆனால் மூடி முடிக்கிற நேரத்தைவிட நினைவு தப்புகிற நேரம் குறைவு. அந்த வால்வு பாதி மூடியிருந்ததாம். சேகர், யாரோ ஒருவர் அந்த இரைச்சலில், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, கை நீட்டி, பாதி வரை திருகியிருக்கிறார். எனக்கு அந்தப் பாதியைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

அவர்கள் அழுத்த உடை போட்டிருக்கவில்லை. உடையோடு மூன்று பேருக்கு உள்ளே இடம் பத்தாது என்று உடையைத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் சோயுஸில் இரண்டு பேர்தான், ஏறும்போதும் இறங்கும்போதும் உடை கட்டாயம்.

அடுத்து, பத்திரமாகத்தானே இறங்கியது என்கிற உன் கேள்விக்கு வருகிறேன். இதைச் சொன்னால் நீ அடிக்க வருவாய், இருந்தாலும் சொல்கிறேன், நாசாவின் விண்வெளி ஓடங்களான இரண்டு ஷட்டில்களையும் கொன்றது இந்த வாதம்தான். சாலஞ்சரின் பக்கவாட்டு ராக்கெட்டில் ரப்பர் வளையம் சூட்டில் அரிக்கப்பட்டதை முந்தைய பயணங்களிலேயே பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஷட்டில் திரும்பி வந்துவிட்டது, அதனால் பரவாயில்லை. 1986 ஜனவரி 27 ராத்திரி, குளிரில் ரப்பர் விறைத்துப்போகும், நாளைக்கு வேண்டாம் என்று அந்த ராக்கெட்டைச் செய்த இன்ஜினியர்கள் மன்றாடினார்கள். ஆபத்து என்பதை நிரூபி என்றுதான் மேலே இருந்தவர்கள் கேட்டார்களே தவிர, சரியாக இருக்கும் என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. மறுநாள் காலை, கிளம்பி 73 நொடி, ஏழு பேர்.

கொலம்பியாவும் அதே கதைதான், பொருள்தான் வேறு. 2003 ஜனவரி 16, கிளம்பி 82ஆவது நொடியில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. முக்கால் கிலோ இருக்கும், தெர்மகோல் மாதிரி லேசான சாமான். முன்பும் நுரை விழுந்திருக்கிறது, முன்பும் திரும்பி வந்திருக்கிறது. உளவு செயற்கைக்கோளை வைத்து அந்த இடத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று கீழ்மட்டத்து இன்ஜினியர்கள் கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். பதினாறு நாள் மேலே இருந்தார்கள் சேகர், பதினாறு நாள்! பிப்ரவரி 1, தரையிறங்கப் பதினாறு நிமிஷம் இருக்கும்போது கல்பனா சாவ்லாவோடு ஏழு பேரும் போனார்கள். பிறகு அதே மாதிரி நுரையை இறக்கைப் பலகை மேல் பீரங்கி வைத்துச் சுட்டுப் பார்த்தபோது, தலையே நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

என் கதையும் ஒன்று உண்டு, உன்னிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு நீராவி லைன் மூட்டில் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. நிறுத்தி கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்று முதல் நாள் எழுதினேன், இரண்டாம் நாள் எழுதினேன். மூன்றாம் நாள் எழுதவில்லை. இரண்டு நாள் ஓடிவிட்டதே என்று எனக்கே தோன்றிவிட்டது, அதுதான் விஷயம். நான்காம் நாள் ஒரு பையனுக்கு முழங்கை வரை வெந்துபோனது. ஆறிவிட்டது, நல்லபடியாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்றாம் நாள் நோட்டுப் பக்கம் காலியாக இருப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் 2024 ஆகஸ்டில், இந்தக் கலத்தில் ஆளை ஏற்ற மாட்டோம் என்று நாசா சொன்னபோது நான் ஒரு பெருமூச்சு விட்டேன். போயிங்காரர்கள் ஒன்றும் ஆகாது என்றார்கள், அவர்கள் சொன்னது கணக்குப்படி சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை, ஆபத்து என்பதை நிரூபி என்கிற வாதம் ஜெயிக்கவில்லை.

மாட்டிக்கொண்டார்கள் என்று பேப்பரெல்லாம் எழுதியது, அது முழு உண்மை இல்லை. செப்டம்பர் கடைசியில் கிளம்பிய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் நான்கு பேருக்குப் பதில் இரண்டே பேரை ஏற்றி, இரண்டு இருக்கையைக் காலியாக அனுப்பினார்கள், இவர்கள் இருவருக்காக. அது போய்ச் சேருகிற வரைக்கும் அவசரம் என்றால்? அங்கே ஏற்கெனவே நின்ற இன்னொரு டிராகனில் சாமான் வைக்கும் இடத்தில் நுரை மெத்தை கட்டிப் படுத்து வரலாம் என்று ஏற்பாடு. எதற்கும் ஒரு வழி எப்போதும் இருந்தது, நீளமாக இருந்தது அவ்வளவுதான். 286 நாள் கழித்து 2025 மார்ச் 18 அன்று புளோரிடாவுக்குப் பக்கத்துக் கடலில் இறங்கினார்கள், டால்ஃபின்கள் வந்து கலத்தைச் சுற்றின. நிஜமாகவே மாட்டிக்கொண்டவர் என்றால் செர்கெய் கிரிகலேவைச் சொல்லலாம். 1991 மே மாதம் சோவியத் யூனியனிலிருந்து மீர் நிலையத்துக்குப் போனார், 1992 மார்ச்சில் திரும்பும்போது அந்த நாடே இல்லை.

இப்போது இது வழக்கமாகவே ஆகிவருகிறது. 2022 டிசம்பரில் ஒரு சோயுஸில் குளிர்விக்கும் திரவம் கொட்டிப்போனது, காலிக் கலம் ஒன்றை அனுப்பினார்கள், ஆறு மாதம் என்று போன ஃபிராங்க் ரூபியோ 371 நாள் இருந்துவிட்டு வந்தார். 2025 நவம்பரில் சீனர்கள், ஷென்சோ 20 ஜன்னலில் விரிசல் தெரிந்ததும் அதில் ஆளை ஏற்றாமல், அடுத்த குழு வந்த கலத்தில் கூட்டிவந்தார்கள், மேலே இருந்தவர்களுக்கு வேறு கலத்தை ஆளில்லாமல் அனுப்பினார்கள்.

எனக்கு இன்னும் நெருடுவது ஆர்ட்டெமிஸ்தான், நிலவுக்கு ஆளனுப்பும் நாசாவின் திட்டம். 2022இல் முதல் கலம் ஆளில்லாமல் நிலவைச் சுற்றிவிட்டு வந்தபோது, வெப்பக் கவசம் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பெயர்ந்திருந்தது. உள்ளே உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் வெடித்துக்கொண்டு வந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், சந்தோஷம். ஆனால் ஆளோடு போகவிருந்த அடுத்த கலத்தில் ஏற்கெனவே பொருத்திய கவசத்தையே வைத்துக்கொண்டு, நுழைகிற பாதையை மாற்றுவது என்று 2024 டிசம்பரில் சொன்னார்கள். கணக்குப் போட்டவர்கள் என்னைவிடப் பத்து மடங்கு புத்திசாலிகள், தெரியும். இருந்தாலும் கவசத்தை மாற்றாமல் பாதையை மாற்றுவது என்றதும் என் மூன்றாம் நாள் பக்கம் ஞாபகம் வந்தது.

ஒரு வேடிக்கை சொல்ல மறந்தேன். மாதக்கணக்கில் மிதந்தால் உள்ளங்கால் தோல் குழந்தைக்குப் போல மெத்தென்று ஆகி உரிந்துவிடுமாம், பாதத்தின் மேல்பக்கம், கம்பியில் மாட்டி மாட்டி, காய்த்துப்போகுமாம். கண்ணும் கெடுகிறது, விழியின் பின்பக்கம் லேசாகத் தட்டையாகிக் கிட்டப் பார்வை மங்குகிறது. டாக்டரிடம் இதைச் சொன்னேன், உங்களுக்கு வந்தது வயசு, பேசாமல் சொட்டு மருந்தைப் போடுங்கள் என்றார்.

ஸ்டார்லைனர் இறங்கியதை நேரலையில் பார்த்தேன். நியூ மெக்சிகோவின் வெள்ளை மணலில் ராத்திரி, மூன்று பாராசூட், அடியில் காற்றுப்பைகள், அலுங்காமல் வந்து உட்கார்ந்தது. நீ சொன்னது சரிதான், அதில் வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். உள்ளே ஆள் இல்லை, பழைய சாமான் கொஞ்சம், அப்புறம் அவர்கள் இருவருடைய நீலநிற உடைகள். அந்த உடை டிராகனுக்குப் பொருந்தாது, அதனால் அதிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள்.

வலது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் போடு, இல்லையென்றால் யாரையாவது படித்துக்காட்டச் சொல்ல வேண்டிவரும், நீ எழுதுகிற கையெழுத்துக்கு அதுவும் நடக்காது.

அன்புடன்,
ரகு