கைதி வார்டருக்கு யார் பாதுகாப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

2017 ஜூனில் மும்பை பைகுலா பெண்கள் சிறையில், 2 முட்டையும் 5 பாவ் ரொட்டியும் குறைந்ததைச் சொன்ன கைதி வார்டர் (மற்ற கைதிகளைக் கவனிக்கச் சிறை நிர்வாகம் நியமித்த தண்டனைக் கைதி) அடித்துக் கொல்லப்பட்டதாக எழுந்த வழக்கில் சிறை ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். 1894 சிறைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இத்தகைய கைதியைப் பொது ஊழியராகவே கருதுகிறது. ஆனால் அவருடைய தண்டனைக் குறைப்பு மேலதிகாரி கையில். சாப்பாடு குறைந்தால் உடனிருக்கும் பெண்கள் அவரைத்தான் ஏசுவார்கள்; மேலே சொன்னாலோ ஊழியரின் பகை. வாயை மூடிக்கொள்பவளே விசுவாசி. இது கொடுமை.

ரேஷனை எடைபோடும்போது கைதிகளில் இருவர் முறைவைத்துக் கையெழுத்திடட்டும். புகார்ப் பெட்டிச் சாவி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும். திறக்கும்போது ஜெயிலர் அருகில் நிற்கக் கூடாது.

சட்ட உதவித் தொண்டர்கள் சிலர்,
தாராவி, மும்பை