அலாரத்தின் முதல் சாவி யாருடைய கைப்பேசியில் இருக்கிறது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீட்டு அலாரமும் கேமராவும் பொருத்தித் தரும் கடைக்காரர்களுக்கும் அவர்களிடம் வேலை பார்க்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டிய ஒரு கிராமத்தில், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். மகன் சிங்கப்பூரில் இருப்பதால் ஆண்டுக்கு மூன்று மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய்விடுவோம். அந்த மூன்று மாதத்தை எண்ணித்தான் வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் காந்த சென்சார், கூடத்தில் ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கும் சென்சார், முற்றத்தைப் பார்த்து ஒரு கேமரா என்று எல்லாம் பொருத்தச் சொன்னோம். எங்கிருந்தாலும் இணையம் வழியாக வீட்டைப் பார்க்கலாம், அலாரத்தை ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம் என்று சொல்லி ஒரு செயலியையும் எங்கள் கைப்பேசிகளில் போட்டுக் கொடுத்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஒயர் ஓட்டிய விதத்தில் என் போன்ற ஆள்கூடக் குறை சொல்ல முடியாது.

சென்ற கோடையில் வலங்கைமானிலிருந்து உறவினர் ஒருவர் பேசினார். பேச்சுவாக்கில், "உங்கள் முற்றத்தில் கருவடகம் காய்கிறதே, அண்ணியிடம் எனக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்" என்றார். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. தன் வீட்டுக்கும் அலாரம் வைக்க அவர் ஓர் இளைஞரை அழைத்திருக்கிறார். வந்தவர், "இப்படித்தான் தெரியும்" என்று தன் கைப்பேசியைத் திறந்து மாதிரிக்குக் காட்டியது எங்கள் வீட்டு முற்றம். அந்த இளைஞர் எங்களுக்குப் பொருத்திக் கொடுத்த கடையில் முன்பு வேலை பார்த்தவர், அங்கிருந்து விலகிப் பல மாதம் ஆகியிருந்தது. முற்றம் தெரிந்த அதே திரையின் கீழே அலாரத்தை ஆஃப் செய்யும் பொத்தானும் இருக்கிறது என்பதை நினைத்தபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவர் திருட வந்தவர் அல்லர், கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. நடந்தது இவ்வளவுதான்: பொருத்திய அன்று கணக்கை அவருடைய கைப்பேசி எண்ணில் தொடங்கி, எங்களை அதில் "பகிரப்பட்ட பயனர்" என்று சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே அந்தச் செயலியின் கணக்குப்படி வீட்டுக்கு உரிமையாளர் அவர், நாங்கள் அவர் தயவில் பார்த்துக்கொள்பவர்கள். எங்களால் அவரை நீக்க முடியாது, அவரால் எங்களை நீக்க முடியும். உரிமையை மாற்ற முயன்றால் ஓடிபி அவர் எண்ணுக்கே போகிறது. கடைசியில் அவரே நேரில் வந்து, கூச்சத்தோடு, தன் கணக்கிலிருந்து எங்கள் அலாரப் பெட்டியை விடுவித்துக் கொடுத்தார். அவர் வெளிநாடு போயிருந்தாலோ அந்த எண்ணைக் கைவிட்டிருந்தாலோ நாங்கள் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

இதை விசாரித்தபோது கடைக்காரர் ஒருவர் சொன்ன நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு அழைக்கிறார்கள், கைப்பேசியை மாற்றினால் செயலி போய்விடுகிறது, ஒவ்வொரு முறையும் பெட்ரோல் செலவழித்து வர முடியாது, அதனால் கணக்கை எங்களிடமே வைத்துக்கொள்கிறோம் என்றார். சிரமம் உண்மைதான். ஆனால் கதவுக்குப் பூட்டு வைத்துத் தரும் ஆசாரி, நாளைக்கு நீங்கள் சாவியைத் தொலைத்துவிடுவீர்கள் என்று சொல்லி ஒரு சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு போவதில்லை. பராமரிப்புக்காக உங்களுக்கு அனுமதி தேவையென்றால் வீட்டுக்காரர் உங்களைப் பயனராகச் சேர்க்கட்டும், வேலை முடிந்ததும் நீக்கட்டும். பெரும்பாலான செயலிகளில் அதற்கு வழி இருக்கிறது. பார்க்க மட்டும் ஒருவருக்கு, அலாரத்தை ஆஃப் செய்ய இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்க முடிந்த செயலிகளும் உண்டு. எங்கள் வீட்டில் இப்போது ஆஃப் செய்யும் உரிமை மூன்று பேருக்குத்தான். பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பார்க்கும் உரிமை மட்டும்.

இன்னொன்று, பழைய வீடுகளில் நீங்களோ உங்களுக்கு முன் வந்தவர்களோ செய்துவிட்டுப் போன போர்ட் ஃபார்வர்டிங். வெளியிலிருந்து பெட்டியை நேரடியாக எட்டுவதற்காக ரௌட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிடும் வேலை அது. திறந்த வாசல் மகனுக்கு மட்டும் திறக்காது; உலகம் முழுவதும் தட்டிப் பார்க்கலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் அறுபதுக்கு மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும், அவற்றின் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. இன்றைக்கும் அட்மின் என்ற பெயரை மாற்றாமல் விட்டுப்போகும் வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன. இப்போது வரும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரி (இணையத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கும் எண்) என்பதால் போர்ட் ஃபார்வர்டிங் தானாகவே பலிப்பதில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கச் சொல்லாதீர்கள். கருவி தயாரித்த நிறுவனத்தின் கிளவுட் (இணையத்தில் உள்ள அதன் சர்வர்) வழியாக இணைப்பதோ, வீட்டிலேயே ஒரு விபிஎன் (அனுமதி பெற்றவர் மட்டும் வரும் பூட்டிய தனிப்பாதை) வைத்து அதன் வழியாக மட்டும் உள்ளே வருவதோ போதும். பழைய இணைப்புகளில் திறந்து கிடப்பவற்றை, அடுத்த முறை பேட்டரி மாற்றப் போகும்போது மூடிவிட்டு வாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. அலாரப் பெட்டிக்குள் நீங்கள் வைக்கும் 12 வோல்ட் பேட்டரி மின்தடையின்போது சைரனைக் காப்பாற்றும். ஆனால் ஃபைபர் பெட்டி சுவரில் உள்ள பிளக்கில்தானே தொங்குகிறது? மின்சாரம் போனதும் இணையம் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்குச் செயலி "ஆஃப்லைன்" என்று காட்டும், அல்லது கடைசியாகத் தெரிந்த நிலையையே காட்டிக்கொண்டிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். ஃபைபர் பெட்டிக்கு ஒரு சிறிய யுபிஎஸ், இணையம் போனால் குறுஞ்செய்தியோ அழைப்போ அனுப்பும் சிம் வசதி உள்ள பெட்டி, இரண்டையும் விலைப்பட்டியலிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர் தெரிந்து வேண்டாம் என்று சொல்லட்டும்.

2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. சிங்கப்பூரில் 2020லிருந்தே இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்பு முத்திரைத் திட்டம் இருப்பதாக மகன் சொல்கிறான். நல்லதுதான். ஆனால் கணக்கை யாருடைய எண்ணில் தொடங்கினீர்கள் என்று எந்த முத்திரையும் கேட்காது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அவருடைய கணினி அமைப்புக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு குறிப்பிடுகிறது என்பதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் தெரியாமல் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்பது, ஏணியை மடக்குவதற்கு முன் பத்து நிமிடம். வீட்டுக்காரரின் கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்து, அவர் எண்ணில் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லை அவரே வைக்கச் செய்து, பயனர் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே பொருத்திய வீடுகளின் பட்டியல் உங்களிடம் இருக்கும். இந்த ஆடிக்குள் அவற்றில் இருக்கும் உங்கள் எண்களை எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.