பக்க எண் இல்லாதவரும் வாசகரே: வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ‘இப்போது என்ன வாசிக்கிறீர்கள்’ என்னும் மாதாந்திரப் பகிர்வில் இனி ஒலிநூல்களைச் சேர்ப்பதில்லை என்று நீங்கள் எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன். கேட்பதும் வாசிப்பாகுமா என்று அதற்கு முன் நடந்த வாதப் பிரதிவாதங்கள் நம் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை மறுபடியும் கிளறப்போவதில்லை. அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற கூடுகையில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நம் மூத்த உறுப்பினரான அம்மையார், தம் முறை வந்ததும், தாம் அப்போது கேட்டுக்கொண்டிருந்த நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பதிவேட்டில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் குறித்துக்கொண்டவர், மூன்றாவது கட்டத்தை நிரப்புவதற்காக “எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். பக்க எண் தமக்குத் தெரியாது என்றும், பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அண்ணனும் தங்கையும் வீட்டைப் பிரித்துக்கொள்ளும் இடத்தில் இருப்பதாகவும் அம்மையார் சொன்னார். உடனே புதிய விதி அவருக்கு நினைவூட்டப்பட்டது. எழுதிய வரியின் மீது கோடு இழுக்கப்பட்டது. அடுத்தவர் பெயர் அழைக்கப்பட்டது. அண்ணனின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்த கருத்து பாதியிலேயே நின்றுபோனது. அந்தப் பாதியைக் கேட்கத்தான் நம்மில் பலர் வந்திருந்தோம்.

அவருடைய ஒப்புதலோடு இதையும் எழுதுகிறேன். விழித்திரையின் மையப்பகுதி சிதைந்துவருவதால், அவர் எந்தச் சொல்லை நேராகப் பார்க்கிறாரோ அந்தச் சொல்லே மறைந்துபோகிறது. அதைச் சுற்றியுள்ளவை மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. பெரிய எழுத்துப் பதிப்புகளும் உருப்பெருக்கியும் சிறிது காலம் கைகொடுத்தன. பிறகு, ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் முந்தைய வரியில் என்ன இருந்தது என்பதே நழுவிப்போகும் நிலை வந்தது. அதற்குப் பின்னும் வாசிப்பை விடாமல் ஒலிநூலுக்கு மாறிய ஒருவரிடம்தான் நாம் பக்க எண் கேட்டோம்.

இந்தத் தேவை நேற்று முளைத்ததன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் திட்டத்தில் 1934ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் இசைத்தட்டுகளாக வந்தன. அடுத்த ஆண்டே பிரிட்டனில், முதல் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களையும் மனத்தில் கொண்டு, அத்தகைய நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அரை மணி நேரத்துக்கும் குறைவான பதிவுதான் அடங்கும் என்பதால், ஒரு நாவலைக் கேட்டு முடிக்கத் தட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தோடும் கேட்டார்கள். நூலகங்களும் அவற்றை நூல்களாகவே இரவல் கொடுத்தன. அச்செழுத்தைப் படிக்க இயலாதோருக்கு நூல்கள் அவர்களால் பயன்படுத்தக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும் என்பதற்காக 2013இல் மராகேஷ் நகரில் ஒரு பன்னாட்டு உடன்படிக்கையே நிறைவேறியது.

கேட்பதில் கவனம் சிதறும் என்பது உங்கள் முதன்மையான வாதம். சிதறத்தான் செய்யும். கண் வரிகளின் மீது ஓட, மனம் வேறெங்கோ இருந்த பக்கங்களை அச்சு வாசகர் எவரும் அறிவார். அப்போது நாம் பக்கத்தைத் திருப்பி மீண்டும் படிக்கிறோம். ஒலிநூல் கேட்பவர் சில நொடிகள் பின்னே தள்ளி மீண்டும் கேட்கிறார். செறிவான வாதங்கள் கொண்ட கட்டுரை நூல்களுக்கு அச்சு வசதியானது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கதை என்று வரும்போது, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு நாம் கவனிக்க வேண்டியது. ஒரே நபர்களை ஒரே கதைகளைக் கேட்கவும் படிக்கவும் வைத்து மூளையின் செயற்பாட்டைப் பதிவுசெய்தபோது, சொற்பொருள் சார்ந்த பதிவுகள் இரண்டு நிலைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆய்வை விடுங்கள், அம்மையாரை இரண்டு நிமிடம் பேச விட்டிருந்தால், அவர் வாசித்தவர்தானா என்பதை நாமே அறிந்திருப்போம்.

பக்க எண் கட்டம் எதற்காக வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். யார் எத்தனை நூல்களை முடித்தார்கள் என்று ஆண்டிறுதியில் வாசிக்கப்படும் பட்டியலுக்காக வந்தது அது. அந்தப் பட்டியல் வந்த பிறகு நம் பகிர்வின் தன்மையே மாறிவிட்டது. பாதியில் நிறுத்திய நூலைப் பற்றி, ஏன் நிறுத்தினோம் என்று, இப்போது எவரும் வாய் திறப்பதில்லை. தடித்த நூலை மெதுவாகப் படிப்பவர் தயங்குகிறார். மறுவாசிப்பு கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். ஒருவர் இப்போது எதில் ஆழ்ந்திருக்கிறார், அது அவரை என்ன செய்கிறது என்று கேட்பதற்காக ஏற்பட்ட பகுதி, வருகைப் பதிவு எடுக்கும் நேரமாகச் சுருங்கியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தையும், மறைக்காமல் சொன்னால் கோபத்தையும் தருகிறது. பட்டியலைப் பற்றித் தனியே விவாதிக்கலாம். இப்போதைக்கு ஒலிநூல் பற்றிய முடிவை மட்டுமாவது திரும்பப் பெறுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ‘பக்க எண்’ என்ற கட்டத்தை ‘எதுவரை வந்திருக்கிறீர்கள்’ என்று மாற்றினால், பக்கம், அத்தியாயம், மணிக்கணக்கு எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒலிநூலானால் குரல் கொடுத்தவரின் பெயரையும், அது முழுப் பதிப்பா சுருக்கமா என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம். ஒரே நாவல் ஒருவர் குரலில் உயிர்பெறுவதும் இன்னொருவர் குரலில் தட்டையாகிப் போவதும் உண்டு. அதே நூலைக் கேட்க நினைக்கும் மற்றவர்களுக்கு இந்தக் குறிப்பு நிச்சயம் பயன்படும்.

அடுத்த கூடுகையின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாகச் சேர்க்க அன்புடன் வேண்டுகிறேன். அம்மையாரை நீங்களே தொடர்புகொண்டு அழைக்கவும், அன்று கோடு இழுக்கப்பட்ட வரியைப் பதிவேட்டில் மீண்டும் எழுதவும், அவர் தொடங்கிய கருத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் ஒதுக்கவும் தயைகூர்ந்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
வட்டத்தின் உறுப்பினர் ஒருவர்